850 டி-5-க்கு எந்த சிப் நல்லது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1995 வால்வோ 850 டி-5 இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது, ஆட்டோ கியர். இஞ்சின் கணினியில் மாற்றிப் போட மூன்று சிப்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று அமெரிக்காவிலிருந்து வருவது, 270 குதிரைத்திறன் என்று விளம்பரம். இன்னொன்று, வால்வோவே தன் டி-5ஆர் மாடலுக்கு எழுதிய ஃபைலை எரித்த, அதாவது பதிவு செய்த, சிப். மூன்றாவதை உள்ளூரில் ஒருவர் ‘ஸ்டேஜ் 2’ என்று மலிவு விலைக்குத் தருகிறாராம். ஊற்றுவது ரோன் 95 பெட்ரோல். தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போக வேண்டும், வருஷத்தில் சில தடவை கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் வர வேண்டும். எதை வாங்குவது?

கேள்வி சிப்பைப் பற்றித்தான். ஆனால் சிப்பின் பெயரை வைத்துக்கொண்டு யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் ஊற்றும் பெட்ரோலுக்கும், முப்பது வயதான அந்த இஞ்சினுக்கும், அதன் பின்னால் இருக்கும் கியர்பெட்டிக்கும் எவ்வளவு பூஸ்ட் (டர்போ இஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) தாங்கும் என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காடியை முழுதாகச் சோதித்து, ரோன் 97-க்கு மாறுவதாக இருந்தால் டி-5ஆர் ஃபைல். ரோன் 95-ஐ விட முடியாது என்றால் இப்போது உள்ளே இருக்கும் சிப்பையே விட்டுவிடுங்கள். மற்ற இரண்டும் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்பதுதான் மீதிக் கதை, கொஞ்சம் நீளம்.

நான் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஐரோப்பியக் காடிகளின் இசியூ, அதாவது இஞ்சின் கணினி, பழுது பார்க்கிறவன். பெட்டியைத் திறந்து, பலகையில் விட்டுப்போன சால்டரைச் சரிசெய்து, சிப்பைப் படித்து, எரித்து, திரும்பப் போடுவது பல வருஷமாகக் கைவேலை. உங்கள் காடியை நான் பார்த்ததில்லை. ஆகவே இதில் பொதுவாகச் சொல்வதை எல்லாம் உறுதியாகச் சொல்வேன். உங்கள் காடிக்கென்று சொல்வதை, அளந்து பார்த்த பிறகு மாற்றிக்கொள்ள வேண்டி வரலாம்.

850 டி-5-இல் இருப்பது போஷ் மோட்ரோனிக் 4.3 என்ற இசியூ. பானெட்டுக்குள் ரேடியேட்டர் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் நினைவு 27சி512 வகை சிப், 64 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் ஒரு சின்னப் படத்துக்குக்கூடப் போதாத இடம். அதற்குள்ளேயே நிரலும் இருக்கிறது, அட்டவணைகளும் இருக்கின்றன. சிப் விற்கிறவர்கள் பெரும்பாலும் நிரலைத் தொடுவதில்லை, அட்டவணைகளில் உள்ள எண்களைத்தான் மாற்றுகிறார்கள். ஏர்ஃப்ளோ சென்சார் சொல்லும் காற்றின் எடையையும் இஞ்சின் சுற்றையும் வைத்து லோடு, அதாவது இஞ்சின் மேல் உள்ள சுமை, கணக்கிடப்படுகிறது. அந்த லோடுக்கு எத்தனை டிகிரி முன்னதாக ஸ்பார்க், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும், டர்போ கன்ட்ரோல் வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைத்து பூஸ்டை ஏற்றலாம், லோடு எந்த எல்லையைத் தாண்டினால் பெட்ரோலை வெட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை. சிப் டியூனிங் என்பது இந்த நாலைந்து அட்டவணைகளில் கைவைப்பதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும். முழு ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது அந்தத் திருத்தம் நின்றுவிடும். அந்த நேரத்தில் இசியூ அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகிறது. பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலும், ஃபில்டர் அடைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. பூஸ்ட் அதிகமாக இருக்கும் அதே நேரத்தில்தான் கண்காணிப்பும் குறைவு. சிப் மாற்றிய காடிகளில் பிஸ்டன் போகிறதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகும்.

ஆக, எந்த சிப்பும் யாரோ ஒருவருடைய காடியின் அளவுக்குத் தைத்த சட்டை. எந்த ஏர்ஃப்ளோ சென்சார், எந்த இன்ஜெக்டர், எந்த டர்போ, எந்தப் பெட்ரோல் என்று அவர் மனதில் ஒரு அளவு இருந்திருக்கும். அந்த அளவை வெளிப்படையாகச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். முதலில் உங்கள் இஞ்சின் எண்ணைப் பாருங்கள். பி5234டி என்று இருந்தால் 2.3 லிட்டர். பி5204டி என்று இருந்தால் 2.0 லிட்டர். இஞ்சின் கொள்ளளவுக்கு வரி கூடும் நாடுகளுக்காக வால்வோ அந்தச் சின்ன டர்போ இஞ்சினையும் செய்தது, நம் ரோடு டாக்ஸும் சிசி கணக்குதான். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், கைமாறிய காடிகளில் எந்த எழுத்தும் எந்தக் காடியிலும் இருக்கும். பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து இஞ்சின் மாற்றியிருந்தாலும் அப்பாவுக்கு அது நினைவிருந்திருக்காது. பதிவுக் கார்டில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், அது வேறு தலைவலியிலிருந்தும் காப்பாற்றும். 2.3-க்கு எழுதியதை 2.0-இல் போட்டால் காடி ஓடத்தான் செய்யும், ஆனால் லோடு கணக்கே தப்பாகிவிடும்.

ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். அமெரிக்க சிப் விளம்பரத்தில் ‘91 ஆக்டேன்’, ‘93 ஆக்டேன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம்ம 95 அதைவிட மேல்தானே என்று நினைக்கிறவர்கள் நிறைய. அங்கே பம்பில் எழுதுவது ரோன் இல்லை. ரோன், மோன் என்று இரண்டு விதமாக அளந்து, கூட்டி இரண்டால் வகுத்த எண். நம் பம்பில் எழுதுவது ரோன் மட்டும். அதனால் அமெரிக்காவின் 91 நம் கணக்கில் ஏறக்குறைய ரோன் 95 அல்லது 96. அவர்களுடைய 93 நம் கணக்கில் ரோன் 98 பக்கம். 93-க்கு எழுதிய சிப்பை வாங்கி ரோன் 95 ஊற்றினால், எழுதியவர் நினைத்ததைவிட மூன்று எண் கீழே ஓட்டுகிறீர்கள். ரோன் 97 ஊற்றினாலும் ஓர் எண் குறைவுதான். 91-க்கு எழுதியது என்றால் ரோன் 95-க்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் எழுதியவர் ஊர் வெயிலில்தான் பொருந்தும், நம் ஊர் வெயிலில் இல்லை. ஜப்பான் காடி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்டார்லெட் டர்போ மாதிரி ஜப்பான் சந்தைக்காகச் செய்த டர்போ காடிகள் அங்கே கிடைக்கும் ரோன் 100 பக்கத்துப் பெட்ரோலை நம்பி எழுதப்பட்டவை.

நம் ஊரில் 2009 செப்டம்பரில் ரோன் 92 போய் 95 வந்தது. இப்போது 95-க்கு மானியம், 97 சந்தை விலையில் வாரா வாரம் மாறுகிறது. சில நிலையங்களில் ரோன் 100-உம் உண்டு. ஆனால் அதை நம்பி சிப் வாங்காதீர்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி நெடுஞ்சாலை நிறுத்தத்தில் எந்தப் பம்பில் எது இருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆக்டேன் குறைந்தால் என்ன ஆகும்? நாக்கிங். ஸ்பார்க் மூட்டிய தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மீந்திருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. உங்கள் இஞ்சினில் இரண்டு நாக் சென்சார்கள் இருக்கின்றன. எந்த சிலிண்டரில் சத்தம் வந்ததோ அந்த சிலிண்டருக்கு மட்டும் ஸ்பார்க்கை இசியூ தாமதப்படுத்தும், அடங்காவிட்டால் பூஸ்டையும் குறைக்கும். ‘பிறகென்ன, கணினிதான் காப்பாற்றுகிறதே’ என்று விற்பவர் சொல்வார். காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் ஸ்பார்க் தாமதமானால் தீ முழுதாக எரிந்து முடியாமலே வால்வு வழியாக வெளியேறுகிறது, புகையின் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டை வாங்குவது எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டும் டர்போவும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும். பலமும் குறைகிறது. ரோன் 98-க்கு எழுதிய சிப்பை ரோன் 95-இல் ஓட்டும் காடி, கம்பெனி சிப்பில் ஓடியதைவிட மெதுவாகப் போவதை டைனோவில், அதாவது காடியின் பலத்தை அளக்கும் மேடையில், பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. தொடக்கத்தில் ஒரு உதை கிடைக்கிறதே, அது போதும் என்று சந்தோஷமாக இருப்பார்.

இதோடு நம் வெயிலைச் சேருங்கள். காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஜாமில் நின்று நின்று போகும்போது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றே படாது, அது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைத்தான் குடித்துக்கொண்டிருக்கும். ஜாம் விட்டதும் ஒரு மிதி மிதிப்போம் இல்லையா, அந்த முதல் மிதிதான் மோசமானது. சுவீடனில் குளிரில் உட்கார்ந்து எழுதியதோ அமெரிக்காவில் வசந்த காலத்தில் எழுதியதோ இந்த மிதியை நினைத்து எழுதப்பட்டிருக்காது. இரண்டாவது சோதனை ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் ஏற்றம். ஒரே பூஸ்டில் நிமிடக்கணக்கில் சுமை. டைனோவில் பத்துப் பன்னிரண்டு வினாடிதான் முழு சுமை இருக்கும், இந்த ஏற்றம் அதைவிடக் கடுமை. கெந்திங் மலைக்குக் குடும்பத்தோடு போகிற ஆசை இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடைக் காற்றைத் தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பெனி அதற்கு விட்டுவைத்த இடத்தைத்தான் இந்த சிப்காரர்கள் எடுத்து உங்களுக்கு விற்கிறார்கள்.

சரி, 270 குதிரைத்திறனுக்கு வருவோம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பெட்ரோலில், எந்த டைனோவில், சக்கரத்திலா இஞ்சினிலா, சிப் மட்டும் போட்டா கூடவே பெரிய எக்ஸாஸ்ட்டும் போட்டா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்போ பெட்ரோல் இஞ்சின் முழு சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் கிலோ பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். 270-க்கு மணிக்கு 67.5 கிலோ. ஐந்து சிலிண்டருக்குப் பங்கிட்டால் ஒரு இன்ஜெக்டருக்கு 13.5 கிலோ. லிட்டருக்கு 0.74 கிலோ என்று மாற்றினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 304 சிசி. இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே இருக்க முடியாது, 85 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. அப்படிப் பார்த்தால் 358 சிசி இன்ஜெக்டர் தேவை. 240 குதிரைத்திறனுக்கு இதே கணக்கு 318 சிசி என்று வரும். உங்கள் இன்ஜெக்டரின் மேல் உள்ள போஷ் எண்ணைப் படித்து அதன் ஓட்டம் எவ்வளவு என்று பாருங்கள், முப்பது வருஷ அழுக்குக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கால் கிலோ என்பது தோராயம்தான், இஞ்சினுக்கு இஞ்சின் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனால் விளம்பரம் உங்கள் காடிக்கு நடக்கக்கூடியதா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

கியர்பெட்டியைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. உங்கள் ஆட்டோ பெட்டி ஐசின் செய்த ஏடபிள்யூ50-42, நாலு கியர். கம்பெனி கணினி, கியர் மாறும் அந்தக் கண நேரம் இஞ்சினின் பலத்தைக் குறைத்துக் கொடுக்கும், கீழ் கியரில் பூஸ்டையும் அடக்கி வைக்கும். சில சிப்காரர்கள் உதை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்தக் குறைப்பை எடுத்துவிடுகிறார்கள். அப்போது சுமை முழுவதும் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேல் விழும். கியர் எண்ணெய் கறுத்து, கருகிய வாசனை அடித்தால் இந்தப் பேச்சையே இங்கே நிறுத்திவிட்டு முதலில் கியர்பெட்டிக்காரரைப் பாருங்கள். சிப் விலையைப் பல மடங்கு தாண்டும் செலவு அது. இந்தப் பெட்டியைச் சரியாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பொமன் (மெக்கானிக்) இப்போது அரிது.

டி-5ஆர் ஃபைலை நான் சொல்வதற்கு இதுதான் காரணம். 1995 மாடல் டி-5ஆர் அதே 2.3 இஞ்சின். டி-5-இன் 225 குதிரைத்திறனை 240-க்கு ஏற்ற வால்வோ செய்தது பெரிதாக ஒன்றுமில்லை: இசியூவில் பூஸ்டை 0.1 பார் கூட்டி, அதையும் அதிகபட்சம் ஏழு வினாடி ஓவர்பூஸ்டாக மட்டும் அனுமதித்தது. அந்த ஏழு வினாடியைப் பாருங்கள். தொழிற்சாலைக்காரன், புது இஞ்சினில், உத்தரவாதம் கொடுத்து விற்கும்போதே அந்த 0.1 பாரை நேரம் பார்த்துத்தான் விட்டிருக்கிறான். இதே ஆட்டோ பெட்டியோடும் அது விற்கப்பட்டது, அதனால் கியர் மாறும்போது பலம் குறைக்கும் வேலை ஃபைலில் அப்படியே இருக்கிறது. 15 குதிரைத்திறன் பெரிதா என்றால், பெரிதில்லை. ஆனால் ஓட்டும்போது தெரியும், அதோடு நள்ளிரவில் தாப்பா பக்கம் டோ லாரிக்குக் காத்திருக்கும் வாய்ப்பும் குறைவு. விற்பவர் தருவது உண்மையாகவே டி-5ஆர் ஃபைல்தானா என்பது தனிக் கேள்வி. சிப்பைப் படித்து, அசல் டி-5ஆர் பெட்டியிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரு பைட்கூட மாறக்கூடாது.

உள்ளூர் ‘ஸ்டேஜ் 2’ சிப்பைப் பார்க்காமல் திட்ட மனமில்லை. நல்ல கைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள், உள்ளூர் வெயிலையும் பெட்ரோலையும் வைத்து எழுதுகிறவர்கள் வெளிநாட்டுப் பெயரைவிட மேலாகவும் எழுதுவார்கள். ஆனால் அப்படி எழுதுகிறவர் காடியை டைனோவில் ஏற்றச் சொல்வார், பெட்ரோல் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்பார். கவருக்குள் போட்டுக் கொரியரில் அனுப்பமாட்டார். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் எரிப்பான் கருவியில் அதைப் படித்து, உங்கள் அசல் ஃபைலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்ரோனிக் 4.3-இன் அட்டவணைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை ஆர்வலர்கள் வருஷக்கணக்காகத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள், டியூனர்ப்ரோ மாதிரி மென்பொருளில் வரைபடமாகவே பார்க்கலாம். பூஸ்ட் அட்டவணை முழுக்க ஒரே அளவு ஏற்றியிருந்தாலோ, பெட்ரோல் வெட்டும் எல்லையைத் தூக்கிக் கடைசி எண்ணுக்கு வைத்திருந்தாலோ, இக்னிஷனைத் தொடாமல் பூஸ்டை மட்டும் கூட்டியிருந்தாலோ அதைக் கையில் எடுக்க வேண்டாம். அந்த வெட்டும் எல்லை, டர்போவை அடக்கி வைக்கும் வேஸ்ட்கேட்டின் குழாய் கழன்று பூஸ்ட் தாறுமாறாக ஏறினால் இஞ்சினைக் காப்பாற்றும் கடைசிக் காவல்.

சிப்பின் உடம்பையும் பாருங்கள். வழக்கமான 27சி512 சிப்பின் இயங்கு வெப்ப எல்லை 0 முதல் 70 டிகிரி வரை. உங்கள் இசியூ இருப்பது பானெட்டுக்குள், ஜாமில் அங்கே என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழில்துறைத் தரச் சிப் என்றால் மேல் எல்லை 85 டிகிரி, அதைக் கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் சில வெள்ளிதான். பழைய பலகைகளிலிருந்து கழற்றி, மேலே உள்ள எழுத்தை அழித்துப் புதுசு மாதிரி அச்சடித்த சிப்களும் சந்தையில் ஓடுகின்றன. கண்ணாடி ஜன்னல் வைத்த வகை என்றால் அந்த ஜன்னல் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். புற ஊதா ஒளிதான் அதை அழிக்கும் வழி, வெயில் வருஷக்கணக்கில் பட்டாலும் அழியும்.

இனி காடி. சிப்புக்கு முன்னால் இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும், இதில் பேரம் பேச மாட்டேன். உங்கள் வருஷத்து 850-இல் பானெட்டுக்குள்ளேயே டெஸ்ட் பெட்டி இருக்கிறது, மூடியில் குச்சி மாதிரி ஒரு வயர், ஒரு பட்டன், ஒரு சிவப்பு விளக்கு. குச்சியை ஏ2 துளையில் சொருகி, சாவியை இரண்டாவது நிலைக்குத் திருப்பி, பட்டனை ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல் அழுத்தி விடுங்கள். விளக்கு மூன்று இலக்கமாக மின்னும். 1-1-1 என்றால் இஞ்சின் கணினியில் பிழை ஒன்றும் பதிவாகவில்லை. 1-2-1 என்றால் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பாருங்கள். ஏ1 துளையில் கியர்பெட்டிக்கும் இதே மாதிரி கேட்கலாம். ஸ்கேனர் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் இன்டர்கூலர் குழாய்களை அழுத்தக் காற்று ஏற்றிச் சோதியுங்கள். முப்பது வருஷ ரப்பர் வெளியே நன்றாக இருக்கும், கிளிப்புக்கு அடியில் கிழிந்திருக்கும். சென்சார் எண்ணிய காற்று வழியில் ஒழுகினால் கலவை தப்பாகும், டர்போவும் தேவைக்கு மேல் சுற்றும். அந்த இஞ்சினுக்கு வழக்கமான வியாதி ஆயில் செபரேட்டர் அடைப்பு, இன்டேக் மெனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது அடைத்தால் கிராங்க் பெட்டியில் அழுத்தம் ஏறி, பூஸ்டில் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். டிப்ஸ்டிக்கை உருவினால் புகை வருகிறதா என்று பாருங்கள், வந்தால் முதல் செலவு அது. கம்ப்ரஷன் ஐந்து சிலிண்டரிலும் ஒத்து வர வேண்டும். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். பெட்ரோல் ஃபில்டர் புதிது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், இந்த இஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். இவ்வளவும் செய்து முடித்ததும் ‘இதுவே போதும் அண்ணே, காடி பறக்கிறது’ என்று சிப்பை மறந்து போனவர்கள் உண்டு. சோர்ந்து போன டர்போ காடி மறுபடி 225-க்கு வருவதே பெரிய மாற்றம்தான்.

மாட்டும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இசியூ மேல் உள்ள போஷ் எண்ணை, 0 261 என்று தொடங்கும், படம் எடுத்து வையுங்கள். அசல் சிப்பைப் படித்து இரண்டு இடத்தில் ஃபைலைச் சேமியுங்கள், சிப்பையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். சிப்பின் ஒரு முனையில் வெட்டு இருக்கும், சாக்கெட்டின் வெட்டோடு அது பொருந்த வேண்டும். திருப்பி மாட்டி சாவி போட்டால் அந்தக் கணமே சிப் போகும், சமயத்தில் பலகையையும் இழுத்துக்கொண்டு போகும். கால் ஒன்று மடங்கி உள்ளே போனாலும் காடி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி வினோதமாக ஓடும்.

மாட்டிய பிறகு தெருவில் மிதித்துப் பார்ப்பது சோதனை இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் டைனோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டி முழு சுமையில் காற்று பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், 13-ஐ நோக்கி ஏறினால் உடனே காலை எடுக்க வேண்டும். இஞ்சின் பிளாக்கில் மைக் வைத்துக் காதில் கேட்கும் கருவி டியூனரிடம் இருந்தால் நாக்கிங்கைக் கணினிக்கு முன்னால் காது பிடித்துவிடும். நீங்கள் தினமும் ஊற்றும் அதே பம்பின் பெட்ரோலோடு போங்கள், அன்றைக்கு மட்டும் ரோன் 100 ஊற்றிக்கொண்டு போனால் வரும் தாள் சட்டம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

காப்பீட்டுக்காரரிடம் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதி பற்றிப் பக்கத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி, ஊரில் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். சிப் எதற்கு, கம்பெனிப் பெட்டிக்குப் பதிலாகத் தனி ஸ்டாண்டலோன் இசியூவே போடலாமே என்று இங்கே சிலர் சொல்லக்கூடும். பந்தயக் காடிக்குச் சரி. தினமும் வேலைக்குப் போகும் ஆட்டோ கியர் குடும்பக் காடிக்கு, கியர்பெட்டியோடு பேசத் தெரிந்த கம்பெனிப் பெட்டியைத் தூக்கி எறிவது வீண் செலவு.

அந்த டெஸ்ட் பெட்டியில் ஏ1, ஏ2 இரண்டும் என்ன எண் காட்டுகின்றன, இசியூவின் போஷ் எண் என்ன, இஞ்சின் பி5234டியா பி5204டியா, கியர் எண்ணெய் என்ன நிறம், இந்த நாலையும் கீழே எழுதுங்கள் தம்பி. டி-5ஆர் ஃபைல் என்று விற்கிறவர் ஃபைலின் நகலைத் தருவாரென்றால் அதையும் வாங்கி வையுங்கள், அசலோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். தர மறுத்தால் அவரிடம் வாங்க வேண்டாம்.